வெறுங்குடல் படம்

அந்தப் புதன்கிழமை எக்ஸ்ரே அறையில் இருந்தவர்கள் இவர்கள். டாக்டர் தாமோதரம், கண்டியிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் ரயிலில் வருகிறவர். படம் எடுக்கிற ஜயசேன மாத்தயா. சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா. வார்ட்டிலிருந்து வந்த மிஸ்ஸி. தாதியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். மேசையில் செல்லாயி, ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிறவள். கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் அவள் புருஷன் பெருமாள். சுவரோரமாக, மருந்துத் தகரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான்.

ஆறு பேர். தப்புச் செய்தவன் ஒருவன்தான். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது அந்த ஆஸ்பத்திரிக்கு வளைகிற குழாய் வந்துவிட்டதாம். முனையில் விளக்கு இருக்குமாம். குடலுக்குள் விட்டு நேராகவே பார்த்துவிடுகிறார்களாம். எக்ஸ்ரே பகுதி ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். "ஒங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்பிடிங்க கண்டுபிடிச்சீங்க? எழுதிக் குடுங்க, ஆஸ்பத்திரி மலர்ல போடுறோம்" என்றார்கள். எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் ஆஸ்பத்திரியில் கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு வார்ட்டில் எனிமா கொடுக்கிற வேலை. அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். நான் முகம் சுளிக்காமல் செய்தேன். அதனால் எக்ஸ்ரே அறைக்கு மாற்றினார்கள். நிரந்தரமாக்குவதற்குப் பிரஜாவுரிமைக் கடதாசி கேட்டார்கள். எழுதிப் போட்டேன். அது கைக்கு வரப் பன்னிரண்டு வருஷம் ஆனது. அதுவரை நாட்கூலி. எந்தக் காலையிலும் 'நாளையிலிருந்து வரவேண்டாம்' என்று சொல்லலாம்.

குடலைப் படம் எடுப்பது இரண்டு நாள் வேலை. முதல் நாள் விளக்கெண்ணெய். சாப்பாடு கிடையாது, கஞ்சித் தண்ணீர் மட்டும். இரண்டாம் நாள் காலையில் கழுவல். தகரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ரப்பர்க் குழாய் வழியாக உள்ளே விட்டு, வெளியே வர விட வேண்டும். வெளியே வருகிற தண்ணீரைக் கண்ணாடிக் கிளாஸில் பிடித்து, கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்ப்பேன். விரல் தெரிந்தால் குடல் சுத்தம். தெரியாவிட்டால் இன்னொரு தகரம்.

அதற்குப் பிறகு பேரியம். வெள்ளை மாவு. வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்து, முழங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பேன். எங்கள் ஊர்க் குளிரில் கொஞ்சம் ஆறினாலும் குடல் சுருங்கிக்கொள்ளும். படம் கழுவுகிற மருந்துத் தொட்டியும் அப்படித்தான். மார்கழி, தை மாதத்தில் தொட்டி விறைத்துக் கிடக்கும். கேத்தலில் வெந்நீர் வைத்து அதைச் சூடாக்குவேன். வெப்பமானியில் ஜயசேன மாத்தயா எனக்காகச் சிவப்புக் கோடு ஒன்று கீறி வைத்திருந்தார்.

டாக்டர் ஐயா வந்ததும் முதல் வேலையாகச் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார். இருட்டில் திரையைப் பார்க்கக் கண் பழக வேண்டும். அதற்கு இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் நடையில் நாற்காலி போட்டு, பால் விடாத பிளேன்டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் போட மாட்டார். யாரையும் புகழவும் மாட்டார். என்னிடம் தினமும் ஒரே கேள்விதான்.

"என்ன வேலு, விரல் தெரிஞ்சதோ?"

"தெரிஞ்சிச்சிங்க ஐயா."

"ஆற்ற விரல்? உம்மட விரலோ, என்ர விரலோ?"

அதற்கு நான் சிரித்ததில்லை. அவரும் சிரிக்க மாட்டார். ஆனால் கேட்காமல் விட மாட்டார்.

கழுவல் ஏன் முக்கியம் என்று முதல் வருஷமே தெரிந்துகொண்டேன். பொல்பிட்டியப் பக்கத்திலிருந்து ஒரு கங்காணி வந்தார். படத்தில் குடலுக்குள் உருண்டையாக ஒரு கட்டி. அடுத்த படத்தில் அதே கட்டி நான்கு அங்குலம் தள்ளி நின்றது. மூன்றாவதில் இரண்டு கட்டி. நான் பயந்துவிட்டேன்.

"ஐயா, கட்டி நடக்குதுங்க."

"கட்டி நடக்காது காணும். என்னத்தைத் திண்டவர் எண்டு கேளும்."

கேட்டேன். கங்காணி வெகுநேரம் கூரையைப் பார்த்தார். பிறகு சொன்னார். பெண்சாதி முந்தானையில் முடிந்து கொண்டுவந்த அவித்த பலாக்கொட்டை. கஞ்சி பத்தவில்லையாம். அன்றிலிருந்து நோயாளியை மட்டுமல்ல, பெண்சாதியின் முந்தானையையும் பார்ப்பேன்.

பேரியம் உள்ளே இருக்கும்போது ஐந்து படம். பிறகு நோயாளியைக் கக்கூசுக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் போன பிறகு, வெறுங்குடலோடு ஆறாவது படம். அதுதான் வெறுங்குடல் படம். புத்தகத்தில் ஆறு கட்டங்கள் இருந்தன. எடுத்த படத்துக்கு ஒரு கோடு. கோடு போடுவது என் வேலை.

உள்ளதைச் சொல்கிறேன். அந்த ஆறாவது படத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நிறைந்த குடலைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. காலியான பையில் என்ன தெரியும்? பிலிம் பெட்டியோ கொழும்பிலிருந்து அளந்துதான் வரும். இன்னொன்றும் உண்டு. புதன்கிழமை காலையிலேயே எல்லோர் பெயருக்கும் நேரே ஆறு கட்டத்திலும் கோடு போட்டு வைத்துவிடுவேன். பிறகு கை ஈரமாகிவிடும், புத்தகம் நனையும் என்று அப்படி ஒரு பழக்கம். காலையில் ஆள் கணக்கு எடுக்கிற தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் ஆள் வந்து நிற்கும் முன்பே பேர் போட்டுவைக்கிற கணக்குப்பிள்ளையைப் பார்த்து வளர்ந்தவன்தானே நான்.

செல்லாயிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது இருக்கும். ஐந்து மாதமாக வயிற்று வலி. முறுக்கிக்கொண்டு வருமாம், பிறகு விட்டுவிடுமாம். இடையிடையே ரத்தம். தோட்டத்து மருந்துக்கார ஐயா பூச்சி மருந்து கொடுத்திருக்கிறார். பிறகு வயிற்றுளைச்சல் மருந்து. நிற்கவில்லை. ஆள் இளைத்துப் போயிருந்தாள். வாய் மட்டும் இளைக்கவில்லை. நான் கழுவும்போது சொன்னாள்:

"எங்க லயத்துப் பீலியில கூட இவ்வளவு தண்ணி வராதுண்ணே." லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு, பீலி அதன் பொதுத் தண்ணீர்க் குழாய்.

"பேசாம படு தாயி."

"முன்னயெல்லாம் நாளைக்கு நாப்பது றாத்தல் கொழுந்து எடுப்பேண்ணே. இப்பப் பதினெட்டுத்தான். கங்காணி மூஞ்சியப் பாக்க முடியல. இது சரியாவுமா?"

"ஐயா பாப்பாரு."

ஐயா பார்த்தார். இருட்டில் திரை பச்சையாக மின்னியது. வெள்ளை மருந்து இடப்பக்கமாக ஏறிப் போய், ஓர் இடத்தில் நின்றது. பிறகு ஒரு கட்டியைச் சுற்றிக்கொண்டு இரண்டு பக்கமாகப் போனது. ஐயா மரக்கரண்டியால் வயிற்றை மெதுவாக அழுத்தினார். அவள் வலியில் நெளிந்தாள். கரண்டியை எடுத்துவிட்டார்.

"கட்டி ஒண்டு கிடக்கு. கூடாத கட்டி போலத்தான் தெரியுது. வெறுங்குடல் படத்தையும் பாத்திட்டுத்தான் முடிவு சொல்ல வேணும்" என்றார். கூடாத கட்டி என்றால் புற்றுநோய். அன்று ரயில் பிடிக்க நானுஓயாவுக்குச் சீக்கிரம் போக வேண்டியிருந்தது. ஈரப் படம் ஐந்தையும் பார்த்துவிட்டு, ஆறாவதை அடுத்த புதன் பார்ப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

செல்லாயி கக்கூசிலிருந்து வந்தபோது வாசலில் தோட்டத்து லொறி ஹார்ன் அடித்தது. அரிசி ஏற்ற வந்த லொறி.

"அண்ணே, லொறிய விட்டா ராகலை பஸ்ஸுதான். இந்த வயித்தோட நின்னுக்கிட்டு எப்பிடிப் போறது? நான் போவட்டா?"

பெருமாள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு எழுந்து நின்றான். மறுபடி ஹார்ன்.

"போ தாயி" என்றேன்.

ஜயசேன மாத்தயா இருட்டறையிலிருந்து வந்து எங்கே அந்தப் பெண் என்றார். முடிந்துவிட்டது, அனுப்பிவிட்டேன் என்று சிங்களத்தில் சொன்னேன். டாக்டர் ஐயாவே கிளம்பும் முன் எடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். எடுக்காத பிலிமைப் பெட்டியில் திரும்ப வைத்தேன். ஒரு பிலிம் மிச்சம் என்று மனதுக்குள் ஒரு திருப்தி கூட.

மறுநாள் சர்ஜன் மாத்தயா படங்களைப் பார்த்தார். அவருடைய நேரான இரும்புக் குழாய் அந்தக் கட்டி வரை எட்டாது. படத்தை நம்பித்தான் வெட்ட வேண்டும். உறையில் ஐந்து படம், புத்தகத்தில் ஆறு கோடு. டாக்டர் தாமோதரம் சில வேளை ஒரு படத்தைக் கண்டிக்குக் கொண்டுபோய் அங்குள்ளவர்களிடம் காட்டுவார். ஆறாவது அவரிடம் இருக்கிறது, அதில் மாற்றம் இருந்தால் சொல்லியிருப்பார் என்று சர்ஜன் நினைத்தார். ஐயாவோ ஆறாவது படம் ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று நினைத்தார். இல்லாத படத்தை இரண்டு பேரும் நம்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை செல்லாயியை வார்ட்டில் சேர்த்தார்கள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். குடலில் ஒரு முழத்தை வெட்டி எடுத்து, வயிற்றில் வாய் வைக்கப் போகிறார்கள் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். பெருமாள் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். அவன் கவ்வாத்து வெட்டுகிறவன். கை இரண்டும் காய்த்துப் போயிருக்கும். அந்தக் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"வயித்துல ஓட்ட போட்டு, அது வழியாத்தான் இனிப் போகுமாமே. எத்தன நாளைக்கிண்ணே?"

"சில பேருக்குக் கொஞ்ச நாள். சில பேருக்குக் கடைசி வரைக்கும்."

"எங்க லயத்துல பன்னெண்டு காம்பராவுக்கு ரெண்டு கக்கூசு. இவ எப்பிடிண்ணே?"

நான் வார்ட்டுக்குப் போனேன். செல்லாயி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"கொழுந்து எடுக்க விடுவாங்களாண்ணே?"

மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டுவார்கள். நனைந்த செடி நாள் முழுக்க வயிற்றில்தான் உரசும். முதுகுக் கூடையின் கயிறு நெற்றியில். குனிந்து நிமிர வேண்டும். வயிற்றில் வாய் வைத்தவள் அந்த வேலையை எப்படிச் செய்வாள்? எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்துதான் கேட்டாள்.

நான் நேரே எக்ஸ்ரே அறைக்கு வந்தேன். உறையை எடுத்து ஐந்து படத்தையும் ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். நான்கில் கட்டி உருளைக்கிழங்கு போல உருண்டையாக இருந்தது. ஐயா கரண்டியால் அழுத்தியபோது எடுத்த ஒன்றில் மட்டும் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது. எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. ஐயா முடிவு சொல்லக் காத்திருந்த படம் அங்கே இல்லை என்பது மட்டும் தெரியும்.

திங்கட்கிழமை காலை தியேட்டர் வாசலில் போய் நின்றேன். என்னிடம் கடதாசி இல்லை என்பதும் நினைவில் இருந்தது. சர்ஜன் மாத்தயா கை கழுவிக்கொண்டிருந்தார். பேசியதெல்லாம் சிங்களத்தில். தமிழில் எழுதுகிறேன்.

"மாத்தயா, நாளைக்கு வெட்டப் போற பொம்பளைக்கு ஆறாவது படம் எடுக்கல."

"புத்தகத்தில் கோடு இருக்கிறதே."

"கோடு காலையிலயே போட்டது மாத்தயா. நான்தான் போட்டேன். ஆளை லொறிக்கு விட்டதும் நான்தான்."

அவர் தண்ணீரை நிறுத்தவில்லை. கை கழுவி முடிக்கும் வரை என்னைப் பார்க்கவும் இல்லை.

"புதன்கிழமை வரை நிறுத்துகிறேன். அதற்குள் குடல் முழுக்க அடைத்துக்கொண்டால் வெட்டுவேன். அப்போது நீ இந்த வாசலில் நிற்க வேண்டும். அவள் புருஷனுக்கு நீயே சொல்ல வேண்டும்."

"சொல்றேன் மாத்தயா."

புருஷனுக்கு அப்போதே போய்ச் சொன்னேன், செல்லாயி பக்கத்தில் இருக்கும்போதே. எடுக்க வேண்டிய படத்தை எடுக்காமல் விட்டதையும் பொய்க்கோட்டையும் சொன்னேன்.

"நான்தானே போறேன்னேன்" என்றாள் செல்லாயி.

"நீ கேட்ட. நான் விட்டிருக்கக் கூடாது."

பெருமாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அது எனக்குச் சர்ஜன் மாத்தயாவை விடக் கஷ்டமாக இருந்தது.

குடல் அடைத்தால் காற்றுப் பிரியாது, வயிறு ஊதும், வாந்தி வரும். அதனால் மணிக்கொரு தரம் வார்ட்டுக்குப் போய், காற்றுப் பிரிந்ததா என்று கேட்டேன். செவ்வாய் மத்தியானம் பெருமாள் வாயைத் திறந்தான்.

"இந்த மனுசன் என்ன, மணி அடிச்ச மாதிரி வந்து எம் பொண்டாட்டிக்கிட்ட இதையே கேக்குறாரு."

"போச்சுண்ணே" என்றாள் செல்லாயி. "சந்தேகமா இருந்தா அடுத்த தடவ கூப்புட்டு அனுப்புறேன்."

அடுத்த கட்டில்காரி கம்பளிக்குள் சிரித்தாள். பெருமாளும் சிரித்துவிட்டான். எனக்கு மூச்சு வந்தது.

அடைப்புப் பயம் இருந்ததால் விளக்கெண்ணெய் கொடுக்கவில்லை. இரண்டு நாளும் கழுவல்தான். புதன்கிழமை டாக்டர் ஐயா வந்து சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிளேன்டீயைக் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை. தேத்தண்ணீரைக் குடிக்கவும் இல்லை. இருபது நிமிஷம் முடிந்தது. கடைசியில் எழுந்து நின்று கேட்டார்.

"விரல் தெரிஞ்சதோ?"

"தெரிஞ்சிச்சிங்க ஐயா."

"வாரும்."

மறுபடி ஐந்து படம். பிறகு அவள் கக்கூசுக்குப் போய் வந்தாள். நான் கதவைச் சாத்தி, கதவில் முதுகை வைத்து நின்றேன். ஆறாவது படத்தை ஜயசேன மாத்தயா எடுத்தார். தொட்டியின் சூட்டை இரண்டு முறை பார்த்தேன். கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட வெளிச்சப் பெட்டியில் மாட்டினோம்.

காலியான பையில் ஒன்றும் தெரியாது என்று நினைத்தவன் நான். அங்கேதான் எல்லாம் தெரிந்தது. உருளைக்கிழங்காக இருந்த கட்டி கேரட்டாக நீண்டிருந்தது.

ஐயா படத்துக்குக் கிட்டப் போய் நின்றார்.

"வேலு, இஞ்சை வந்து பாரும். குடல் நிறைஞ்சிருக்கேக்கை உருண்டை. வெறுங்குடல் சுருங்கிப் பிழியேக்கை நீட்டு. கூடாத கட்டி கல்லு மாதிரி. பிழிஞ்சாலும் மாறாது. இது மெதுமையான சாமான். கொழுப்புக் கட்டியெண்டு நினைக்கிறன். வெட்டி எடுத்தால் முடிஞ்சுது. ஆளைக் கொல்லாது."

"ஐயா இதுக்கு முந்திப் பாத்திருக்கீங்களா?"

"ஒண்டு. அதுவும் ஆள் செத்தாப்பிறகு, வேறை வருத்தத்திலை."

சர்ஜன் மாத்தயா வந்து பார்த்தார். அவருக்குப் பலாக்கொட்டைக் கதை தெரியும். கழிவு ஒட்டிக்கொண்டு உருமாறியிருக்கலாம் என்றார். ஒரு படத்தை நம்பி ஒரு பெண்ணின் வயிற்றில் கெட்ட கட்டியை விட்டுவைக்க முடியாது என்றார். அவர் சொன்னதும் நியாயம். இரண்டு பேரும் இங்கிலீஷில் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு ஐயா என் பக்கம் திரும்பினார்.

"குசினிக்குப் போய் ஆட்டுக்கொழுப்பு ஒரு துண்டும், கொழுப்பில்லாத இறைச்சி ஒரு துண்டும் வாங்கி வாரும். ஒரே அளவாய்."

குசினி முத்து என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"யாருக்கு?"

"படம் எடுக்க."

"வெட்டின ஆட்டுக்கா? முந்தியே எடுத்திருந்தா அது பொழச்சிருக்குமேப்பா."

இரண்டையும் எனாமல் பேசின் ஒன்றில் போட்டு, மிதக்காமல் நூலால் கட்டி, தண்ணீர் ஊற்றினோம். மின்சாரத்தைக் குறைத்து வைத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் இறைச்சி இருந்த இடம் தண்ணீரோடு தண்ணீராகக் கலந்து கிடந்தது. கொழுப்பு இருந்த இடம் மட்டும் கறுப்பாக, விளிம்பு வெட்டினாற்போல் தெரிந்தது.

"நாளைக்குப் பேரியம் இல்லாமல் வெறும் தண்ணி விட்டு ஒரு படம் எடுப்பம்" என்றார் ஐயா. "கொழுப்பெண்டால் இப்பிடித்தான் தெரிய வேணும். உள்ளை ஒரு சொட்டு வெள்ளை மருந்தும் இருக்கக்கூடாது. ஏலுமோ?"

"செய்றேங்க ஐயா."

அன்று அவர் ரயிலுக்குப் போகவில்லை. கண்டிக்குத் தந்தி அடித்துவிட்டு ஆஸ்பத்திரியின் பழைய விருந்தினர் அறையில் தங்கினார். வியாழக்கிழமை விடிந்ததும் நான் செல்லாயியைக் கழுவத் தொடங்கினேன். தண்ணீர் பால் போல வந்தது. பிறகு மோர் போல. பிறகு அரிசி கழுவின தண்ணீர் போல. அவள் களைத்துப்போய்ப் பேச்சையும் நிறுத்திவிட்டாள். பெருமாள் கேத்தல் கேத்தலாக வெந்நீர் கொண்டுவந்தான். பதினோராவது தகரத்தில் கிளாஸுக்குப் பின்னால் விரல் ரேகையே தெரிந்தது. ஐயாவிடம் கிளாஸைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தன் விரலை வைத்துப் பார்த்தார்.

"ஓம்" என்றார். அவரிடம் நான் வாங்கிய பெரிய புகழ்ச்சி அது.

தண்ணீர் விட்டு எடுத்த படத்தில், இடப்பக்கம், நேற்றைய இடத்திலேயே ஒரு கறுப்பு. விளிம்பு வெட்டினாற்போல். சர்ஜன் மாத்தயா அதை ஒரு கையிலும் பேசின் படத்தை மறு கையிலும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். இரண்டையும் இடம் மாற்றிப் பிடித்தும் பார்த்தார். பிறகு மிஸ்ஸியிடம், சின்ன ஆபரேஷனுக்கு ஆயத்தம் செய்யச் சொன்னார்.

யாரும் நிற்கச் சொல்லவில்லை. ஆனாலும் தியேட்டர் வாசலில் நின்றேன். பக்கத்தில் பெருமாள். ஒன்றே கால் மணி நேரம். கதவு திறந்தது. சர்ஜன் மாத்தயா கிண்ணம் ஒன்றோடு வந்தார். கோழிமுட்டை அளவில் மஞ்சளாக ஒரு கட்டி. குடலைக் கீறிக் காம்போடு எடுத்துவிட்டுத் தைத்துவிட்டதாகச் சொன்னார். வயிற்றில் வாய் வைக்கவில்லை. நேற்றைய பேசினைக் கொண்டுவரச் சொன்னார். கட்டியைத் தண்ணீரில் போட்டார்.

மிதந்தது.

சர்ஜன் மாத்தயா சத்தமாகச் சிரித்தார். டாக்டர் ஐயா சிரிக்கவில்லை. விரலால் கட்டியை ஒருமுறை அமுக்கிவிட்டார். அது தாழ்ந்து, திரும்ப மேலே வந்தது. பெருமாள் என் தோளைப் பிடித்துக்கொண்டான். பிடி இறுகியது. விட வெகுநேரம் ஆனது.

கட்டியைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். சில வாரத்தில் பதில் வந்தது. கொழுப்புதான், கெட்டது எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை ரயிலுக்குப் போகும் முன் ஐயா புத்தகத்தைக் கேட்டார்.

"இதிலை எத்தினை பொய்க்கோடு கிடக்கு?"

"நாலஞ்சு இருக்குங்க ஐயா."

"நாலோ அஞ்சோ?"

உட்கார்ந்து எண்ணினேன். செல்லாயியை விட்டு ஐந்து பேர். ஒவ்வொருவரின் தோட்டத்துக்கும் அவரே கடிதம் எழுதினார். நான்கு பேர் வந்தார்கள். மறுபடி கழுவி, ஆறு படமும் எடுத்தோம். ஒருவர் குடலிலும் ஒன்றும் இல்லை. ஐந்தாவது ஆள் குடும்பத்தோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். அவருக்கு என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஐயா என்னைப் பற்றி யாருக்கும் எழுதிப்போடவில்லை. சர்ஜன் மாத்தயாவும் போடவில்லை. ஐயா சொன்னது ஒன்றுதான்: "படம் தொட்டியிலிருந்து வெளியிலை வந்து, கண்ணாலை கண்டாப்பிறகு கோடு போடும்." அப்படியே செய்தேன். புத்தகம் நனைந்தது. நனையட்டும் என்று விட்டேன். லொறி வந்தால் டிரைவருக்கு என் கையால் ஒரு பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுப்பேன். சுடச்சுட. அதை ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்குள் வெறுங்குடல் படம் எடுத்துவிடலாம்.

அதற்குப் பின் அறுபதுகளின் நடுவு வரை இந்த மாதிரிக் கட்டி இன்னும் இரண்டு பார்த்தோம். ஒன்று பட்டிப்பொல ரயில்வே ஆளுக்கு. இரண்டிலும் தண்ணீர்ப் படம் எடுத்தோம். இரண்டு பேரும் வயிற்றில் வாய் வைக்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

செல்லாயி நான்கு மாதம் கழித்துக் காட்ட வர வேண்டும். அந்தப் புதன்கிழமை வாங்கில் பெருமாள் மட்டும் உட்கார்ந்திருந்தான். ஐயா சிவப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் இருந்தார்.

"எங்கை ஆள்?"

"வரமாட்டேன்னுட்டாங்க ஐயா" என்றான் பெருமாள். "மழ பேஞ்சு மலையெல்லாம் கொழுந்தா கெடக்கு. இப்பப் போயி ஆஸ்பத்திரிக்கு எவ போவாங்கிறா. என்னையப் போய்ச் சொல்லிட்டு வரச் சொன்னா."

"வலி?"

"இல்லீங்க."

"ரத்தம்?"

"இல்லீங்க."

"சாப்பாடு?"

"அதையேங்க கேக்குறீங்க. எம் பங்கும் சேந்துதான் போவுது."

ஐயா தேத்தண்ணீரைக் கீழே வைத்தார்.

"வேலையெல்லாம் செய்யிறாவோ?"

பெருமாள் சொன்னான். முந்தின நாள் சாயந்தரம், கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசில் அவள் எடுத்ததை நிறுத்த கணக்கு. கங்காணி இரண்டாம் முறை நிறுத்துப் பார்த்தானாம்.

நான் புத்தகத்தைத் திறந்தேன். இரண்டாம் முறை எடுத்த பக்கத்தில், செல்லாயியின் பெயருக்கு நேரே ஆறு கட்டத்திலும் கோடு இருந்தது. ஆறும் மெய்க்கோடு. அதற்குப் பக்கத்தில் இப்போதைய நிலை எழுதுகிற கட்டம் காலியாக இருந்தது.

"என்னங்க ஐயா எழுதுறது?"

"அவர் சொன்னதையே எழுதும்."

எழுதினேன்.

நாற்பத்து மூன்று றாத்தல்.